ஆட்டம் பார்க்கும் இரவில் எண்ணெய்ச் சட்டிக்கு ஓய்வு கொடுப்போம்

ஐபிஎல் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் மாலை நேரம் களைகட்டிவிடும். மச்சான் வீட்டார், தங்கை வீட்டார், பிள்ளைகளின் நண்பர்கள் என்று பத்துப் பேராவது ஒரே அறையில் கூடுவார்கள். ஆளுக்கொரு கைப்பேசியில் தலை கவிழ்ந்து கிடக்கும் இக்காலத்தில், மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே திரையைப் பார்ப்பது மகிழ்ச்சிக்குரியதுதான். கூடுவதைக் குறை சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. கூடியவர்களுக்கு நடுவில் வைக்கப்படும் தட்டைப் பற்றியே பேசப் போகிறோம்.

அந்தத் தட்டில் வழக்கமாக என்ன இருக்கும்? சமோசா, கட்லெட், முட்டை போண்டா, சிக்கன் 65, பாக்கெட் சிப்ஸ். பக்கத்தில் இரண்டு லிட்டர் குளிர்பானம். சரி, அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? சர்க்கரைக்கு மாத்திரை போடும் வாப்பா இருப்பார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் பெரியம்மா இருப்பார். முப்பது வயதிலேயே ‘எல்லைக்கோட்டில் இருக்கிறது, கவனமாக இருங்கள்’ என்று மருத்துவர் எச்சரித்த தம்பி இருப்பார். இது மிகைப்படுத்தல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாகின. நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும், 31.5 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக அது மதிப்பிட்டது.

கவனிக்க வேண்டிய இன்னொருவரும் உண்டு. அவர் அந்த அறையிலேயே இருக்கமாட்டார். ‘சூடாகப் போடு’, ‘இன்னும் நாலு கொண்டு வா’ என்ற குரல்களுக்கு நடுவே அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி முன் நின்றுகொண்டிருப்பார். அவர் உம்மாவாகவோ, மனைவியாகவோ, மருமகளாகவோ இருப்பார். கடைசி ஓவரில் எழும் கூச்சலைக் கேட்டு ஓடி வந்து, ‘யாரு அவுட்?’ என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

இந்த இரண்டு பேரின் சிரமத்துக்கும் காரணம் ஒன்றுதான். பொரித்த பண்டம் சூடு ஆறினால் சவசவத்துவிடும். அதனால் ஆட்டம் நடக்கும்போதே பொரிக்க வேண்டியிருக்கிறது. அவித்ததும் வாட்டியதும் சுண்டியதும் அப்படியில்லை. முன்கூட்டியே செய்து வைக்கலாம். ஆறினாலும் பெரிதாக ருசி குறையாது, இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் சூடாக்கிவிடலாம். ஆக, உடலுக்கு நல்ல பண்டத்தைத் தேர்ந்தெடுத்தால் சமைப்பவரும் வந்து உட்கார முடியும். எப்படி என்பதைப் பார்ப்போம்.

கண் திரையில், கை தட்டில்

ஐபிஎல் இரவு ஆட்டம் 7.30 மணிக்குத் தொடங்கும். முதல் இன்னிங்ஸ் முடிய ஏறக்குறைய 9.15 ஆகிவிடும். 20 நிமிட இடைவேளைக்குப் பிறகு இரண்டாவது இன்னிங்ஸ் நடந்து முடிய 11 மணியைத் தாண்டும். ஒருநாள் ஆட்டமென்றால் பகல் 2 மணிக்கு ஆரம்பித்து இரவு 9.30, 10 வரை நீளும். இத்தனை மணி நேரமும் தட்டு எதிரிலேயே இருக்கிறது என்பதுதான் முதல் சிக்கல்.

வேறொன்றில் கவனம் வைத்துச் சாப்பிடும்போது வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிடுகிறோம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதோடு நிற்பதில்லை. எவ்வளவு சாப்பிட்டோம் என்பது மனதில் சரியாகப் பதியாததால், அடுத்த வேளை உணவும் கூடிவிடுகிறது. ‘நான் ரெண்டே சமோசாதான் தின்றேன்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நினைவில் நின்றது இரண்டு மட்டுமே. ஆட்டம் முடிந்ததும் ‘இன்னும் சாப்பிடவே இல்லையே’ என்று பரோட்டாவும் சால்னாவும் வரவழைக்கப்படுவது இதனால்தான்.

வெற்றி தோல்வியும் தட்டைப் பாதிக்கிறது. ஃபிரான்ஸைச் சேர்ந்த யான் கார்னில், பியர் ஷாண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கால்பந்து லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறுகளில் நடக்கும். தம் ஊர் அணி தோற்ற மறுநாள், அந்த ஊர் மக்கள் வழக்கத்தைவிட 16 சதவீதம் கூடுதலாக நிறைவுற்ற கொழுப்பு உண்டிருந்தார்கள். வென்ற மறுநாள் 9 சதவீதம் குறைவாக உண்டிருந்தார்கள். யாரோ ஆடி யாரோ தோற்றதற்கு, பார்த்தவரின் வயிறு விலை கொடுத்திருக்கிறது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்ற இரவு எத்தனை வீடுகளில் மனம் ஒடிந்து கிடந்தார்கள் என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் கை எடுக்கும்.

இந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது. ஆட்டத்தின் நடுவே ‘கட்டுப்பாட்டோடு சாப்பிடுங்கள்’ என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. கட்டுப்பாடு தளரும் நேரம் அது. தட்டில் எதை வைப்பது என்ற முடிவை ஆட்டத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

பொரிக்கும்போது என்ன நடக்கிறது?

மாவில் தோய்த்த துண்டு கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும், அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. சடசடவென்று குமிழி விடுவது அந்த ஆவிதான். நீர் போன இடமெல்லாம் சிறு துளைகளாகின்றன. வெளியே எடுத்த பின் சூடு குறையக் குறைய, மேற்புறம் ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்தத் துளைகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆகவே மைதாவும் சோள மாவும் தடிமனாகப் பூசிய பண்டம் எண்ணெயை அதிகம் குடிக்கும். சோடா மாவு போட்டால் துளைகள் கூடும், எண்ணெயும் கூடும். சட்டி சரியாகக் காயாதபோது போட்டாலும் பண்டம் எண்ணெயில் ஊறிப்போகும்.

ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ இருப்பது 4 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் சுமார் 120 கலோரி. நான்கைந்து பொரித்த பண்டங்களில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே போவது பெரிய விஷயமில்லை. அதை எரிக்க, நடுத்தர உடல்வாகு உள்ளவர் ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் இதைவிடத் தீங்கானது. எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அதை அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது. நிறம் கருத்தல், நுரை பொங்குதல், சீக்கிரமே புகைதல், பிசுபிசுப்பு ஆகியவை அடையாளங்கள். ‘நேற்றுப் பொரித்த எண்ணெய் அப்படியே இருக்கிறது, விருந்துக்கு ஆகும்’ என்று எடுத்து வைப்பதை விட்டுவிட வேண்டும்.

தட்டில் எதை வைக்கலாம்?

கீழே உள்ள அளவுகள் பத்துப் பேருக்கானவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

*மாங்காய்ச் சுண்டல்.* கொண்டைக்கடலை 400 கிராம். கருப்போ வெள்ளையோ, எதுவானாலும் சரி. முதல் நாள் இரவே ஊற வைத்து, காலையில் அளவான உப்புடன் குக்கரில் வேக வைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மூன்று டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கடலையைப் புரட்டி இறக்கலாம். பரிமாறும் நேரத்தில் பொடியாக நறுக்கிய மாங்காய், வெள்ளரி, வெங்காயம், மல்லித்தழை சேர்த்து எலுமிச்சை பிழிந்தால், கடைகளில் கிடைக்கும் சாட்டுக்கு எந்த வகையிலும் குறையாது. ஆளுக்குச் சுமார் 8 கிராம் புரதம் கிடைக்கிறது. நார்ச்சத்தும் கணிசமாக இருப்பதால், இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. வயிறும் சீக்கிரம் நிறைந்த உணர்வைத் தரும். ஆகவே முதலில் பரிமாற வேண்டியது இதையே.

*வாட்டிய கோழி.* சிக்கன் 65 இல்லாமல் ஆட்டமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இது. எலும்பில்லாத கோழி ஒரு கிலோவை ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, கெட்டித் தயிர் 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள், மிளகு, சீரகத்தூள், எலுமிச்சைச் சாறு, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, நான்கு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய் போதும்; சிவப்புச் சாயப்பொடி வேண்டாம். கனமான தோசைக்கல்லில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் வாட்டினால் விளிம்புகள் முறுகலாகும். கல்லில் நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், முறுகாது. அவன் இருந்தால் 200 டிகிரியில் 20 நிமிடம் வைக்கலாம். தயிரும் எலுமிச்சையும் இறைச்சியை மென்மையாக்குவதால், எண்ணெயில் மூழ்காத குறை தெரியாது.

*பணியாரக்கல் வடை.* கடலைப்பருப்பு 250 கிராமை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், சோம்பு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்துப் பிசைய வேண்டும். பணியாரக் குழிகளில் கால் டீஸ்பூன் எண்ணெய் விட்டு, சிறு உருண்டைகளைச் சற்றே தட்டி வைத்து, மூடி போட்டு, மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் விட்டால் மேல்புறம் மொறுமொறுவென்று வரும். ஏறக்குறைய 30 வடைக்கு மொத்தமே ஏழெட்டு டீஸ்பூன் எண்ணெய்தான் செலவாகும். உருளைக்கிழங்கு கட்லெட்டையும் முட்டை போண்டாவையும்கூட இதே கல்லில் செய்யலாம்.

*கறிக் கொழுக்கட்டை.* நம் பாட்டிமார்கள் கைவிடாமல் காத்துத் தந்த பண்டம் இது. சமோசாவுக்குள் போகும் அதே கைமாவைத்தான் இங்கே மாவுக்குள் வைத்து ஆவியில் வேக வைக்கிறோம். கொழுப்பு நீக்கிய கைமா 250 கிராமை வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலாவோடு நீர் வற்ற வேக வைத்து, பொடியாக நறுக்கிய கேரட், முட்டைக்கோஸ் ஒரு கோப்பை சேர்த்துக் கிளறி ஆறவிட வேண்டும். இரண்டு கோப்பை இடியாப்ப மாவைக் கொதிநீரில் பிசைந்து, மெல்லிய சொப்பு செய்து, பூரணம் வைத்து மூடி, 12 நிமிடம் அவித்தால் இருபது கொழுக்கட்டைகள் வரும். மேல்மாவு மெல்லியதாக இருப்பது முக்கியம். தடித்துப் போனால் கறியைவிட அரிசிதான் அதிகமாக உள்ளே போகும். ஆளுக்கு இரண்டு போதும். ஹாட்பாக்ஸில் வைத்தால் இடைவேளை வரை சூடு இருக்கும்.

*புதினாத் தயிர்.* இப்போது எதற்கெடுத்தாலும் மயோனைஸ் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. வழக்கமான மயோனைஸில் பெரும்பகுதி எண்ணெய்தான். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸால் நோய்க்கிருமி பரவும் அபாயம் இருப்பதால், தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதன் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் ஓராண்டுத் தடை விதித்தது. அதற்குப் பதிலாக, அரை கிலோ தயிரைத் துணியில் கட்டி மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில் வடியவிட்டு, அந்தக் கெட்டித் தயிரில் புதினா, மல்லி, ஒரு பல் பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துக் கலந்தால், கோழிக்கும் வடைக்கும் அருமையாகப் பொருந்தும். குச்சி குச்சியாக நறுக்கிய கேரட், வெள்ளரி, குடைமிளகாயைப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுத் தின்றுவிடுவார்கள்.

*கொறிக்க.* கை சும்மா இருக்காது என்பவர்களுக்குத் தோலோடு அவித்த நிலக்கடலை நல்லது. உரித்துத் தின்ன நேரமாகும் என்பதே அதன் சிறப்பு. உரித்த தோலின் குவியல் எவ்வளவு தின்றோம் என்று காட்டிக்கொடுக்கும். வீட்டில் பொரித்த சோளப்பொரியும் நல்லது. 100 கிராம் சோளத்துக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் போதும். ஒரு பெரிய பாத்திரமே நிறையும். வெண்ணெய்க்குப் பதில் மிளகுத்தூளும் மஞ்சளும் தூவலாம்.

குடிப்பதிலும் கவனம்

தின்பதைவிடக் குடிப்பதில்தான் சர்க்கரை தெரியாமல் உள்ளே போகிறது. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி டம்ளர் ஒன்றில் 25 கிராம். அதாவது ஐந்து டீஸ்பூன். சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு டம்ளரிலேயே அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டால் தீங்கில்லை என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், பிழிந்த பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பழத்தைச் சாறாக்காமல் துண்டாக வைத்தால் நார்ச்சத்தும் கிடைக்கும், அளவும் தெரியும்.

குடிக்கக் கொடுக்க எளிய வழிகள் இருக்கின்றன. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்த நீர்மோர் பெரிய பானையில் இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காக உப்பைக் குறைத்தே கலக்கலாம், வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய சப்ஜா விதையும் புதினா இலையும் போட்டு, வழக்கத்தில் பாதிச் சர்க்கரை மட்டும் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்ந்த தண்ணீர் ஜாடியும் டம்ளர்களும் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீருக்காக எழுந்து போக வேண்டியிருந்தால், எதிரில் இருக்கும் பாட்டிலைத்தான் எடுப்பார்கள்.

‘பேக் செய்தது’ என்பதால் நல்லதாகிவிடாது

பேக்கரி பப்ஸ் எண்ணெயில் பொரித்ததல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்த அடுக்கடுக்கான மேல்மாவு வருவதற்கு மைதாவுக்குள் ஏராளமான கொழுப்பை மடித்து மடித்து வைக்கிறார்கள். ‘ஏர் ஃப்ரையர்’ என்பது சூடான காற்றைச் சுழலவிடும் சிறிய அவன். வீட்டில் மசாலா தடவிய கோழிக்கும் மீனுக்கும் அது மிகவும் உதவும். உறைநிலையில் விற்கப்படும் நக்கெட், ஸ்மைலி போன்றவற்றில் பல, தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரித்தவை. அவற்றை ஏர் ஃப்ரையரில் போடுவதால் உள்ளே இருக்கும் எண்ணெய் போய்விடாது.

பாக்கெட்டின் பின்புறத்தில் இரண்டு வரிகளைப் பார்த்துப் பழகிக்கொண்டால் போதும். முதலாவது, கொழுப்பு. சாதாரண உருளைக்கிழங்கு சிப்ஸில் 100 கிராமுக்கு 33 கிராம் அளவில் கொழுப்பு இருக்கும். மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்று பொருள். இரண்டாவது, சோடியம். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். சோடியம் 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் உப்பு 2 கிராம். நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

நேரத்தை இப்படி வகுக்கலாம்

ஐபிஎல் இரவு ஆட்டத்தை வைத்து ஒரு திட்டம்:

முதல் நாள் இரவு: கடலையை ஊற வைத்தல்.

ஆட்ட நாள் மதியம்: கோழிக்கு மசாலா தடவுதல், தயிரைக் கட்டி வைத்தல், காய்களை நறுக்குதல், கொழுக்கட்டைப் பூரணம் கிளறுதல்.

மாலை 5 மணி: கொழுக்கட்டை அவித்து, வடை சுட்டு ஹாட்பாக்ஸில் வைத்தல்.

7.30 மணி: சுண்டல், காய்த் துண்டுகள், நீர்மோர். பெரிய தட்டாக நடுவில் வைக்காமல் ஆளுக்கொரு கிண்ணத்தில் கொடுத்தால் அளவு தெரியும்.

8.30 மணியளவில்: வடையும் புதினாத் தயிரும். இஷாத் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பும் நேரமும் ஏறத்தாழ அதுதான். அவர்களுக்கென்று மறுபடி அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

9.15 மணி, இடைவேளை: வாட்டிய கோழியும் கொழுக்கட்டையும், நறுக்கிய தர்பூசணி அல்லது கொய்யாவும். இதையே இரவு உணவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லிவிடலாம். திரையில் விளம்பரம் ஓடும் நேரத்தில் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதால், வயிறு நிறைந்ததும் தெரியும்.

அதற்குப் பின்: தண்ணீரும் கடலையும் மட்டும். தோற்றாலும் வென்றாலும் 11.30க்குப் பரோட்டா வேண்டாம்.

கோழியை வாட்டும் இருபது நிமிட வேலையை இளைஞர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எண்ணெய் தெறிக்காத வேலை அது. கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும்.

மறக்கக் கூடாத எச்சரிக்கைகள்

ஏப்ரல், மே வெயிலில் சமைத்த இறைச்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைப்பது நல்லதல்ல. எனவே கோழியை இடைவேளைக்குச் சற்று முன் வாட்டுவதே சரி. மிஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். புதினாத் தயிருக்கும் இது பொருந்தும்.

முழு நிலக்கடலை, சோளப்பொரி, முழுத் திராட்சை ஆகியவற்றை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சிக்ஸர் விழுந்ததும் எல்லோரும் துள்ளிக் குதிக்கும் நேரத்தில் குழந்தையை யாரும் கவனிப்பதில்லை என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், ஆட்டத்தின் சுவாரசியத்தில் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. மருந்தைப் போட்டுவிட்டு உணவைத் தவறவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அவர்களுக்கு மருத்துவர் சொன்ன நேரமே நேரம். ஆட்டத்தின் இடைவேளைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

‘வந்தவர்களுக்குச் சுண்டலா?’

இப்படியொரு கேள்வி நிச்சயம் வரும். ‘விருந்தாளிக்குச் சமோசாகூடப் பொரிக்கவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்?’ என்ற தயக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது நமக்கு ஒப்படைக்கப்பட்ட கடமை. ஆனால் கண்ணியம் எதில் இருக்கிறது? சர்க்கரை உள்ளவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். எல்லோருக்கும் சமோசா, அவருக்கு மட்டும் தனியாக இரண்டு மேரி பிஸ்கட் என்றால், அவர் நோயாளி என்பதைச் சபையில் சொல்லிக்காட்டியது போலாகிறது. கூச்சப்பட்டு அவரும் சமோசாவை எடுத்துவிடுகிறார். மறுநாள் காலை அவதிப்படுகிறார். எல்லோரும் உண்ணக்கூடியதையே எல்லோருக்கும் வைத்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சஹனில் கை வைத்து உண்ணும் வழக்கம் உள்ள நமக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

பொரித்ததே கூடாது என்று சட்டம் போடவும் வேண்டாம். கண்டிப்பு மிகுந்தால் பிள்ளைகள் கடைக்கு ஓடுவார்கள். ஆட்டத்துக்கு ஒரே ஒரு பொரித்த பண்டம், ஆளுக்கு ஒன்று, புதிய எண்ணெயில், ஆட்டம் தொடங்கும் முன் பொரித்து முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதுமானது. எண்ணெய் நன்றாகக் காய்ந்த பின் போட்டு, எடுத்ததும் கம்பி வலைத்தட்டில் வடியவிட்டால் எண்ணெய் குறையும். சோடா மாவைத் தவிர்க்கலாம். ஒரு பருவத்தில் இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு இப்படிச் செய்து பழகிவிட்டால், அதுவும் தானாகவே குறையத் தொடங்கும்.

மாற்றத்தைச் சத்தமில்லாமல் செய்வது நல்லது. ‘இன்று முதல் ஆரோக்கிய உணவு’ என்று அறிவித்தால் தட்டைப் பார்க்கும் முன்பே முகம் சுளிப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் கோழியை வாட்டி வைத்துப் பாருங்கள். எலுமிச்சை வாசனைக்கே கை நீளும். அளவோடு உண்பதும் வீணாக்காமல் இருப்பதும் நம் மார்க்கம் நமக்குச் சிறுவயதிலேயே கற்றுத் தந்த பாடங்கள். ஆட்டம் நடக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மட்டும் அவற்றுக்கு விடுமுறை இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கு உறவினர்களை அழைக்கும்போது, வீட்டில் சமைப்பவரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ‘நீங்களும் உட்கார்ந்து பார்ப்பதற்கு எதை முன்கூட்டியே செய்து வைக்கலாம்?’ அதற்கு அவர் சொல்லும் பதிலிலிருந்தே அன்றைய பட்டியலைப் போடுங்கள். கடலையை ஊற வைப்பது, காய் நறுக்குவது, கொழுக்கட்டை பிடிப்பது போன்ற வேலைகளை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளட்டும். 7.30 மணிக்கு முதல் பந்து வீசப்படும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே அறையில் இருக்க வேண்டும்.